அரிய சொற்கள் இருக்கட்டும், முதலில் ‘செட்’ சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வாரா வாரம் வரும் ஆங்கிலச் சொல் பகுதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன். இடம் இல்லையென்றால் சுருக்கிப் போடுங்கள், ஆனால் அந்தப் பகுதியைத் தயாரிப்பவர் ஒருமுறை முழுவதையும் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவள். இப்போது மாலை நேரத்தில் எங்கள் ஊர் கிளை நூலகத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். உங்கள் பக்கத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்கிற பழக்கம் அவர்களுக்கு உண்டு, அதனால்தான் அதில் என்ன வருகிறது என்பது எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது.

அந்த நோட்டுகளைப் புரட்டினால் என்ன இருக்கிறது? ஃபராகோ. பெட்ரிகோர். ரோடமாண்டேட். அப்புறம் ஃப்ளாக்ஸினாஸினிஹிலிபிலிஃபிகேஷன். ஒரு சொல், பக்கத்தில் ஒரு கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தமிழ்ச் சொல், அவ்வளவுதான். இவற்றில் சில சசி தரூர் ட்விட்டரில் எழுதப்போய்ப் பரவியவை. 2017 மே மாதம் அவர் ஃபராகோ என்று எழுதிய அன்றைக்கு நாடே அகராதியைத் திறந்து பார்த்தது. அது நல்ல விஷயம்தான், அரசியல்வாதி ஒருவர் எழுதினார் என்பதற்காக மக்கள் அகராதி பார்ப்பது தினமும் நடக்கிற காரியம் இல்லை.

அரிய சொற்கள் மேல் எனக்கு எந்த வெறுப்பும் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் கண் அகலக் கேட்பார்கள். ஃபராகோ லத்தீன் சொல், கால்நடைக்குப் பல தானியங்களைக் கலந்து போடும் தீவனம் என்பது அதன் பழைய பொருள், அதிலிருந்துதான் கண்டபடி கலந்த கலவை என்ற பொருள் வந்தது. பெட்ரிகோர் 1964இல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நேச்சர் ஆய்விதழில் எழுதிய கட்டுரைக்காக உண்டாக்கிய பெயர். காய்ந்த நிலத்தில் மழை விழுந்ததும் எழுகிற வாசனை. கிரேக்கத்தில் கல்லுக்கு உள்ள சொல்லையும் புராணக் கடவுள்களின் உடம்பில் ஓடும் திரவத்துக்கு உள்ள சொல்லையும் சேர்த்துச் செய்தார்கள். நாம் மண்வாசனை என்று சொல்லிவிட்டுப் போகிறோம், ஆனால் நம் மண்வாசனை கரிசல் காட்டுக் கதைக்கும் கொங்கு நாட்டுப் பேச்சுக்கும் கூடப் பொருந்தும், பெட்ரிகோர் அப்படிப் பொருந்தாது, அது மழை வாசனையோடு நின்றுவிடும். ஃப்ளாக்ஸி என்று தொடங்குகிற அந்த 29 எழுத்துச் சொல், அற்பம் என்று பொருள்படும் நான்கு லத்தீன் சொற்களைக் கோத்து 18ஆம் நூற்றாண்டில் உண்டாக்கியது. ஒன்றை மதிப்பே இல்லாதது என்று தள்ளுவதைக் குறிக்கும். இதையெல்லாம் நீங்கள் போடவில்லை. கோடு போட்டுப் பொருள் மட்டும் போட்டீர்கள்.

சரி, கதை சொல்லாதது கூடச் சின்னக் குறைதான். என் பெரிய வருத்தம் வேறு. இந்தச் சொற்களை மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு ‘செட்’ தெரியவில்லை. மூன்றே எழுத்து.

நூலகத்தில் ஒரு பிளஸ் ஒன் மாணவி. அந்த 29 எழுத்துச் சொல்லை மூச்சு விடாமல் சொல்லுவாள், மற்றப் பிள்ளைகள் கை தட்டுவார்கள். அவளிடம் ஆங்கில நாளிதழில் ஒரு செய்தியைப் படிக்கச் சொன்னேன். ஏதோ ஒரு விபத்தை விசாரிக்க அரசு குழு ஒன்றை ‘செட் அப்’ செய்தது என்று முதல் வரி. படித்துவிட்டு நிமிர்ந்து, “டீச்சர், கவர்மெண்டே போலிக் கமிட்டி வச்சிருக்குன்னு இப்படி வெளிப்படையாவா எழுதுவாங்க?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம் பேச்சில் செட்டப் என்றால் ஏமாற்று வேலை, முன்கூட்டியே பேசி வைத்துச் செய்த நாடகம். ஆங்கிலத்திலும் பெயர்ச்சொல்லாக வரும்போது அந்தப் பொருள் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வினைச்சொல்லாகக் குழு, நிறுவனம், அறக்கட்டளை இவற்றோடு வரும்போது அமைத்தது, நிறுவியது என்றுதான் அர்த்தம். பக்கத்தில் எந்தச் சொல் நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்திருந்தால் அவளே கண்டுபிடித்திருப்பாள். அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நூலகத்தில் இருந்த ஆங்கிலம்-தமிழ் அகராதியை எடுத்துப் பார்த்தாள், வை, அமை, நிறுவு, பதி, மறை, இறுகு, தொகுதி, கூட்டம் என்று காற்புள்ளி போட்டு ஒரு நீண்ட வரிசை. எந்தச் சொல் எந்த இடத்துக்கு என்பதற்கு ஒரு வாக்கியம் கூட இல்லை. முதலில் இருந்ததை எடுத்துக்கொண்டாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் செய்வார்கள்.

இந்த ‘செட்’ சாமானியமான சொல் இல்லை, ஐயா. ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய ஆங்கில அகராதி இருக்கிறதே, அதன் இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் மிக நீளமான பதிவு எது தெரியுமா? இந்த மூன்றெழுத்துச் சொல்தான். வினைச்சொல்லுக்கு மட்டும் 430க்கும் மேற்பட்ட பொருள்கள், விளக்கமும் மேற்கோளும் சேர்த்துச் சுமார் 60,000 சொற்கள், ஒரு நாவல் அளவு. பிறகு அகராதியைத் திருத்தி எழுதும் வேலை நடக்க நடக்க அந்த முதலிடம் வேறு சொற்களுக்குப் போனது. ‘ரன்’ என்ற சொல்லின் வினைப் பொருள்களைப் பிரித்தபோது 645 வந்ததாக 2011இல் செய்தி வந்தது. அதுவும் மூன்றெழுத்து. இன்றைக்கு நேற்றைக்கு வந்த நிலைமையும் இல்லை இது. 1755இல் சாமுவேல் ஜான்சன் லண்டனில் வெளியிட்ட அகராதியிலேயே ‘டேக்’ என்ற சொல்லுக்கு 134 பொருள் கொடுத்திருக்கிறார்.

ஏன் சின்னச் சொல்லுக்கு இவ்வளவு பொருள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். தமிழைக் காட்டித்தான் நான் பதில் சொல்லுவேன். ‘போடு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டை போடு, கோலம் போடு, சோறு போடு, ஊசி போடு, பூட்டுப் போடு, சண்டை போடு, கையெழுத்துப் போடு, நாடகம் போடு, பழி போடு. வெளியூரிலிருந்து வந்து தமிழ் படிக்கிற ஒருவருக்குப் போடு என்பதற்கு ஒரு கோடு கிழித்து ஒரே பொருள் எழுதிக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? எல்லாரும் எல்லா வேலைக்கும் நூற்றாண்டு நூற்றாண்டாக எடுத்துப் பயன்படுத்துகிற சொல்லுக்குத்தான் பொருள் பெருகும். பத்துப் பேர் எப்போதாவது எழுதுகிற ஃபராகோவுக்கு ஒரு பொருள் போதும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தபோது அதன் பெரிய பலமே இதுதான், நாம் தினமும் பேசுகிற வினைச்சொற்களைப் பொருள் பொருளாகப் பிரித்து, பல இடங்களில் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு கொடுத்தார்கள்.

‘செட்’ விஷயத்தில் இன்னொரு வசதி இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்திக்கொள்வதில்லை என்பதுதான் ஆதங்கம். அந்தச் சொல் ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது. பம்ப்செட் இல்லாத கிராமம் எது? மைக் செட், பேண்டு செட், நகை செட், செட் தோசை, ரம்மியில் செட் சேர்ப்பது, சினிமா செட், டென்னிஸில் முதல் செட். எங்க செட் பசங்க. அலாரம் செட் பண்ணு. இந்த வேலை எனக்கு செட் ஆகாது. கல்யாணம் செட் ஆகிவிட்டது. இத்தனையையும் வீட்டிலும் தெருவிலும் பேசிவிட்டு, வகுப்பில் அதே சொல்லைப் பார்த்தால் பிள்ளை மிரளுகிறது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வழி அவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது.

அகராதியில் இந்தச் சொல்லின் பிறப்பைப் பார்த்தால் இரண்டு தனித்தனிச் சொற்கள் ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்திருப்பது தெரியும். நகை செட், எங்க செட் ஆட்கள் என்கிற கூட்டப் பொருள் லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது, பின்பற்றுவோர் கூட்டம் என்ற கருத்து. வினைச்சொல் பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல், அது ‘சிட்’ என்பதன் பிறவினை. இதைத் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம், ஏனென்றால் தன்வினை பிறவினை அவர்கள் இலக்கணத்தில் இருக்கிறது. அமர், அமர்த்து. இரு, இருத்து. ‘சிட்’ என்றால் இரு, ‘செட்’ என்றால் இருத்து. ஆங்கிலத்தில் ‘லை’யும் ‘லே’யும், ‘ரைஸ்’ஸும் ‘ரெய்ஸ்’ஸும் கூட இதே கணக்கு.

இருத்து என்பதைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பொருள் தானாகவே விளங்கும். விலகிய எலும்பை அதன் இடத்தில் பொருத்துவது, மோதிரத்தில் கல் பதிப்பது, கடிகாரத்தில் நேரம் வைப்பது, தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பது, எல்லாம் அதே ‘செட்’. உங்கள் தொழிலிலேயே இருக்கிறது பாருங்கள், ஈய எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து வரியில் அடுக்கிய அச்சுக்கோப்பு வேலைக்கு ஆங்கிலத்தில் இந்தச் சொல்தான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் அச்சகத்தில் கோப்பவர்கள் இருந்தார்கள், ஒரு வரி இடம் மாறியிருந்தால் நான் குறித்துக் கொடுப்பேன், அவர்கள் மறுபடி கோப்பார்கள்.

இறுகுகிற பொருளைச் சொல்லிக்கொடுத்தது நான் இல்லை, ஒரு கொத்தனார் வீட்டுப் பையன். கான்கிரீட் ‘செட்’ ஆகக் காத்திரு என்று ஒரு வாக்கியம் வந்தது. மற்றவர்கள் விழித்தார்கள். இவன் மட்டும், “சிமெண்ட் செட் ஆகறதுக்கு முன்னாடி மேல கால் வச்சா அச்சு விழுந்துடும், அப்பா திட்டுவார்” என்றான். அப்புறம் அவனே, கலவை போட்ட உடனே செட் ஆகிவிட்டால் பூச முடியாது, ரொம்ப நேரம் ஆகாமலே இருந்தாலும் வேலை கெடும் என்று விளக்கினான். அவன் சொன்னது அப்படியே இந்தியத் தரநிலையில் எழுதியிருக்கிறது. சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட் முதல் 30 நிமிடத்துக்குள் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும். வகுப்பில் ஆங்கிலத்துக்கு வாயே திறக்காத பையன் அவன். அன்றைக்கு அந்த ஒரு பொருளுக்கு அவன்தான் ஆசிரியர். ஒரு பெண் பிள்ளை உடனே, தயிர் உறைவதற்கும் இதுதானா டீச்சர் என்று கேட்டாள். ஆமாம், அதுவும்தான்.

இதே சொல் நீதிமன்றத்துக்குப் போனால் என்ன ஆகிறது என்பதைச் செய்தித்தாள்காரர்களான உங்களிடம் நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கீழ் நீதிமன்றத் தீர்ப்பை மேல் நீதிமன்றம் ‘செட் அசைட்’ செய்தது என்றால் ரத்து செய்தது என்று பொருள். பிள்ளையின் படிப்புக்குப் பணம் ‘செட் அசைட்’ செய்தார் என்றால் தனியாக எடுத்து வைத்தார். முன்னதைத் தீர்ப்பை ஒதுக்கி வைத்தது என்று தமிழில் எழுதிவிட்டால், படிக்கிறவர் தீர்ப்பைத் தள்ளிவைத்தார்கள் போலிருக்கிறது, இன்னொரு நாள் சொல்லுவார்கள் என்று நினைத்துக்கொள்வார். வழக்கில் சிக்கியிருக்கிற குடும்பம் அந்த வரியைப் படித்தால் அவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ‘செட் ஆஃப்’ என்றால் பயணம் புறப்படுவதும் உண்டு, வெடியைப் பற்றவைத்து வெடிக்கச் செய்வதும் உண்டு. குற்றவியல் வழக்கில் அது வேறு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428ஆவது பிரிவில், தீர்ப்புக்கு முன்பே சிறையில் கழித்த நாள்களைத் தண்டனைக் காலத்தில் கழித்துக்கொள்வதற்கு அந்தப் பெயர். ஒரு மனிதர் எப்போது வீட்டுக்குத் திரும்புவார் என்பது அந்தச் சொல்லில் இருக்கிறது. பெட்ரிகோரில் அப்படி எதுவும் இல்லை.

பொருள் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். பல பேர், யாரோ ஒரு பெரியவர் உட்கார்ந்து இதற்கு இதுதான் பொருள் என்று தீர்மானித்தார் என்று நினைக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்ட் அகராதிக்கான யோசனை 1857இல் எழுந்தது. 1879இல் ஜேம்ஸ் மரே ஆசிரியர் பொறுப்புக்கு வந்ததும் ஆங்கிலம் படிக்கிற மக்கள் எல்லாருக்கும் வேண்டுகோள் விடுத்தார். நீங்கள் படிக்கிற புத்தகத்தில் ஒரு சொல் எந்த வாக்கியத்தில் வந்திருக்கிறதோ அதை அப்படியே ஒரு சீட்டில் எழுதி, புத்தகத்தின் பெயரும் ஆண்டும் குறித்து அனுப்புங்கள் என்றார். சாதாரண மக்கள் லட்சக்கணக்கில் அனுப்பினார்கள். வீட்டுத் தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு, அதில் அறை அறையாகத் தடுத்த அலமாரியில் அந்தச் சீட்டுகளை அடுக்கி, வாக்கியங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் இது ஒரு பொருள், இது வேறு பொருள் என்று பிரித்தார்கள். மரே 1915இல் இறந்துபோனார், அகராதி 1928இல்தான் முடிந்தது, 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள் வாக்கியங்களோடு. ஆக, வாக்கியம் முதலில், பொருள் பிறகு.

வாக்கியம் இல்லாமல் சொல்லை மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அகராதி உலகத்திலேயே சாட்சி இருக்கிறது. 1934இல் அமெரிக்காவில் வெளியான வெப்ஸ்டர் பெரிய அகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘டார்ட்’ (dord) என்று ஒரு சொல், அடர்த்தி என்று பொருள் போட்டிருந்தார்கள். அப்படி ஒரு சொல்லை உலகத்தில் யாரும் பேசியதும் இல்லை, எழுதியதும் இல்லை. அடர்த்தியைக் குறிக்கப் பெரிய ‘டி’ அல்லது சின்ன ‘டி’ எழுதலாம் என்று சுருக்கக்குறிகளுக்காக எழுதி வைத்த சீட்டை, நடுவிலிருந்த ‘ஆர்’ என்ற சொல்லையும் சேர்த்து ஒரே சொல்லாகப் படித்துவிட்டார்கள். 1939இல் அந்த அகராதியின் பதிப்பாசிரியர் ஒருவர், இந்தச் சொல்லுக்குப் பிறப்பு வரலாறு எதுவும் இல்லையே என்று தேடிப்போய்த்தான் பிடித்தார். ஒரே ஒரு வாக்கியம் கேட்டிருந்தால் அப்போதே மாட்டியிருக்கும்.

மாணவருக்கான அகராதியை வேறு மாதிரி எழுத வேண்டும் என்பதைப் பெரும்பாலும் வகுப்பறையில் நின்றவர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மைக்கேல் வெஸ்ட் வங்காளத்தில், டாக்காவில் பணியாற்றியவர். 1935இல் அவர் வெளியிட்ட அகராதியில் சுமார் 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 எளிய சொற்களைக் கொண்டே விளக்கினார். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி தயாரித்த அகராதி 1942இல் டோக்கியோவில் வந்தது, 1948இல் ஆக்ஸ்ஃபோர்ட் அதை எடுத்துப் போட்டது, இன்றைக்கும் உலகம் முழுக்கப் பிள்ளைகள் வைத்திருக்கும் மாணவர் அகராதி அதன் வழி வந்ததுதான். இந்த வகை அகராதிகள் பலவற்றை இப்போது செல்பேசியில் காசு கொடுக்காமலே பார்க்கலாம், உச்சரிப்பும் கேட்கலாம். அகராதிக்கு அகராதி பொருள்களின் வரிசை மாறும் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி காலத்தால் பழைய பொருளை முதலில் வைக்கும், மாணவர் அகராதி பெரும்பாலும் இன்று அதிகம் புழங்குவதை முதலில் வைக்கும். இது தெரியாமல் பெரியதைத் திறந்து முதல் பொருளை எடுத்துக்கொண்டால் சில நேரம் வழக்கொழிந்த பொருளில் போய் நிற்க வேண்டியதுதான்.

இதற்கு மேல் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பகுதிக்கு இப்போது கொடுக்கிற இடமே போதும். மாதத்துக்கு ஓர் அரிய சொல் போடுங்கள், அதன் கதையோடு போடுங்கள். மற்ற வாரங்களில் செட், ரன், டேக், கெட், புட், மேக் மாதிரி ஒரே ஒரு எளிய சொல்லை எடுத்து, அதன் மூன்று நான்கு பொருளை மட்டும், ஒவ்வொன்றுக்கும் முழு ஆங்கில வாக்கியமும் நல்ல தமிழில் அதன் அர்த்தமும் சேர்த்துக் கொடுங்கள். வாக்கியங்களை எங்கேயும் தேடிப் போக வேண்டாம். மருந்துச் சீட்டிலும், ரயில் டிக்கெட்டிலும், சிமெண்ட் மூட்டையிலும், கிரிக்கெட் வர்ணனையிலும், நீதிமன்றச் செய்தியிலும் கிடக்கின்றன. மரே செய்ததை நீங்களும் செய்யலாம். அடுத்த வாரச் சொல் இது என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, எங்கே பார்த்தீர்கள் என்று வாக்கியத்தோடு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பொருத்தமானவற்றை அனுப்பிய பள்ளியின் பெயரோடு போடுங்கள். தன் பள்ளியின் பெயர் பேப்பரில் வந்தால் அந்த வாரம் முழுக்க அந்தப் பள்ளியில் அகராதி மூடாது.

முதல் சொல்லாக ‘ரன்’ அறிவித்தால் எங்கள் நூலகப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள். பேருந்து நிலையத்துக் கால அட்டவணையிலிருந்தும் மோட்டார் பட்டறையிலிருந்தும் இப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த முகவரிக்கு அனுப்புவது என்று மட்டும் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
விருத்தாசலம்